மூன்றடி ஆபீஸ்

தெருவில் அவளைத் தையல்கார அக்கா என்பார்கள். அவள் கணவரைக் காலண்டர் இன்ஜினியர் என்பார்கள். முதல் பெயரை முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். இரண்டாவதை அவர் தலை மறைந்த பிறகு சொல்வார்கள். அவர் எதிரில் வெறும் 'இன்ஜினியர் சார்'. அதைக் கிண்டல் என்று புரிந்துகொள்ளாமல் அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொள்வார். ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அவர் இன்ஜினியர் இல்லை. சிமெண்ட் குடோனில் மூட்டை எண்ணியவர். லாரியிலிருந்து ஒரு மூட்டை இறங்கினால் நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். நான்கு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் இந்த மாபெரும் பணியைச் செய்தார். சிமெண்ட் பக்கத்திலேயே நின்றதால் கட்டடக் கலையும் மேலே ஒட்டிக்கொண்டது என்று அவருக்கு ஒரு நினைப்பு. மருந்துக் கடைக்கு எதிர்வீட்டுக்காரர் ஊசி போடக் கிளம்பினால் எப்படி இருக்கும், அப்படி.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வீடு கட்டும்போது, கோடு போட ஒருத்தனுக்குக் காசு எதற்கு என்று, போன மாதத்துக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் தானே பிளான் வரைந்தார். அந்தப் பிளானில் கக்கூஸுக்குக் கதவே இல்லை. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் புத்திப்படி கட்டினார். தெருப்பக்கம் ஒரு முன்னறை, அடுத்து கூடம், அடுத்து அடுப்படி, கடைசியில் கக்கூஸ், அதற்கும் பின்னால் செப்டிக் டேங்க். இடப்பக்கம் வாசலிலிருந்து பின்பக்கம் வரை மூன்றடிச் சந்து. டேங்க் நிறைந்தால் உறிஞ்சும் லாரியின் குழாய் அந்தச் சந்து வழியாகப் போகும், வரும். வீட்டுக்குள் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் உருப்படியான ஒரே யோசனை அந்தச் சந்துதான். அது அவருடைய யோசனை இல்லை.

முன்னறை அவளுடையது. கல்யாணத்துக்குக் கொண்டுவந்த மெஷினை அங்கே போட்டுத் தைத்தாள். மகள் படித்தது, மகளுக்குக் கல்யாணம் ஆனது, கூரை ஒழுகியபோது மேலே தளம் பூசியது எல்லாம் அந்த மெஷினை மிதித்து வந்ததுதான். அவர் சம்பளம் அவருடைய பந்தாவுக்கே சரியாகப் போனது. இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவர் கத்துவார். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அந்த அவமானத்துக்குப் பயந்து, இருபத்தெட்டு வருஷமாக அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற மறுமாதம் அவர் சந்துக்குக் கூரை போட்டார். தெருப்பக்கம் சுவர் எழுப்பி ஒரு ஜன்னல் வைத்தார். பின்பக்கத்தையும் அடைத்தார். அடுப்படியிலிருந்து ஒரு கதவு. தரைக்கு வழவழவென்று கல். உள்ளே ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி.

"என்னங்க, இது எதுக்கு?" என்று அவள் கேட்டாள்.

"ஆபீஸ்."

"என்ன ஆபீஸ்?"

"கட்டட ஆலோசனை. எனக்கு இருக்கற அனுபவத்தை வீணடிக்கச் சொல்றியா?"

மூன்றடி அகலத்தில் நாற்காலி எங்கே சுழலும்? கால் மடங்கிச் சுவரில் இடிக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார வேண்டுமென்றால் மேஜை மேல் ஏறிக் குதித்துத்தான் போக வேண்டும். நல்லவேளை, ஆறு வருஷத்தில் அப்படி யாரும் வரவில்லை. ரயில் பெட்டிக் கழிவறைக்கு வெளியே டிக்கெட் இல்லாமல் நிற்கிறவரைப் போல, அந்த இடுக்கில் காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்து, மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வருவார். வந்து, 'அப்பாடா' என்று வேறு சொல்வார்.

சந்து போனதால் லாரிக் குழாய்க்கு வழி வீடுதான். எட்டு மாதத்துக்கு ஒருமுறை லாரி வரும். அன்றைக்குக் காலையிலேயே அவள் தைத்தது, தைக்காதது எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கட்டில் மேல் ஏற்றிவிடுவாள். தொடைப் பருமன் குழாய் முன்னறை நுழைந்து, கூடம் தாண்டி, அடுப்பை உரசிக்கொண்டு பின்னால் போகும். துண்டு துண்டாக மாட்டிய குழாய். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கசியும். அவள் சாக்குப் போட்டுத் துடைத்து, மருந்து ஊற்றிக் கழுவி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தாலும் நாற்றம் மூன்று நாள் போகாது. இன்ஜினியர் சார் அந்த மூன்று நாளும் ஆபீஸுக்கு விடுமுறை விட்டுவிட்டு நண்பர் வீட்டில் இருப்பார்.

அவளுடைய பெரிய வேலை பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடைதான். வருஷத்துக்கு இருநூறு சட்டை. அதை வைத்துத்தான் மீதி மாதங்கள் ஓடும். போன வருஷம் சட்டைகளை எடுத்துப்போன தலைமை ஆசிரியை, இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

"சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. ரெண்டு மூணு பிள்ளைங்களோட அம்மா வந்து, புதுச் சட்டையில வாடை வருதுங்கறாங்க. உங்க தையலுக்காகத்தான் பேசாம இருக்கேன். அடுத்த வருஷமும் இப்படி ஆச்சுன்னா வேற இடம் பார்த்துடுவேன்."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது. தையலில் ஒரு குறை சொல்ல முடியாத கை அது. அதில் கொண்டுபோய் இந்த வாடையை ஏற்றியாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் தெருவில் பாதாளச் சாக்கடை வந்தது. நகராட்சி ஆட்கள் ரோட்டைத் தோண்டிக் குழாய் புதைத்தார்கள். தெருமுனையில் பந்தல் போட்டு முகாம் நடத்தினார்கள். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு டெபாசிட் கிடையாது, ரோடு வெட்டும் கட்டணமும் கிடையாது, வீட்டுக்குள் பைப் போடும் செலவு மட்டும்தான் என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இனி லாரி இல்லை, குழாய் இல்லை, சாக்கு இல்லை. அவரை முகாமுக்கு அனுப்பினாள். அவர் இரண்டு மணி நேரம் கழித்து வெற்றி வீரராகத் திரும்பி வந்தார்.

"பாரம் எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"பாரமா? அங்க உக்காந்திருந்த இன்ஜினியரை நாலு கேள்வி கேட்டேன் பாரு, வாயே திறக்கல. பைப்புல தண்ணி ஓடற சரிவு, அதான் வாட்டம், எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். முழிக்கறான்."

"அவர் முழிக்கட்டும். பாரம்?"

"முதல்ல போறவன் ஏமாளி. ஆறு மாசத்துல ரோடே உள்வாங்கும். அப்ப எல்லாரும் நம்ம டேங்க்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாங்க. நான் வச்ச டேங்க், நூறு வருஷம் தாங்கும்."

ரோடு உள்வாங்கவில்லை. ஒவ்வொரு வீடாக இணைப்பு வாங்கிக்கொண்டது. டேங்க் மேல் செடி வைத்திருந்தவர்கள் வெட்டி எறிந்துவிட்டு வாங்கினார்கள். நடுவீட்டில் தரையை உடைத்தும் வாங்கினார்கள். மூன்று மாதம் போயிற்று, கிட்டத்தட்ட ஒரு வருஷமும் போயிற்று. தெருவில் மிஞ்சியது நூறு வருஷம் தாங்கும் டேங்க் ஒன்றுதான். அது எட்டு மாதத்துக்கு ஒருமுறை வழக்கம்போல நிறைந்தது.

கடைசியாக லாரி வந்த அன்று டிரைவர் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "அக்கா, இனி இந்தத் தெருவுக்கு வர முடியாது. சாக்கடை லைன் இருக்கற தெருவுல உறிஞ்சினா வண்டியைப் பிடிச்சுடுவாங்க. ஆர்டர் வந்துடுச்சு."

அவள் உள்ளே போய்ச் சொன்னாள். அவர் பதறவில்லை. ஒருநாள் முழுக்க ஆபீஸில் இருந்தார். மறுநாள் காலண்டர் தாளோடு வெளியே வந்து, அதைத் தையல் மெஷின் மேல் விரித்தார்.

"கக்கூஸ் பின்னாடி இருக்கறதால ரோடு வரைக்கும் அறுபதடி பைப் போடணும். வீடு முழுக்கத் தரையை உடைக்கணும். அநியாயச் செலவு. அதனால கக்கூஸையே முன்னாடி கொண்டு வந்துடறோம். எட்டடி பைப். செலவு கால்வாசிதான். எப்படி?"

அவள் தாளைப் பார்த்தாள். முன்னறை இருந்த இடத்தில் கக்கூஸ் பீங்கானாக ஒரு முட்டை வடிவம் வரைந்திருந்தார். தன் மெஷின் இருக்கும் இடத்தில் அந்த முட்டை இருப்பதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என் மெஷின்?"

"அடுப்படி ஓரத்துல போட்டுக்க. அது என்ன, பொழுதுபோக்குதானே."

பொழுதுபோக்கு! அவரை உட்கார வைத்துச் சோறு போட்ட பொழுதுபோக்கு. வாசற்கதவைத் திறந்ததும் கக்கூஸ் வரவேற்கிற ஒரு வீட்டைச் சுயபுத்தி உள்ள யாராவது வரைவார்களா? பின்னாலிருந்து ரோட்டுக்கு நேராகப் போகிற சந்து ஒன்று இருந்ததே, அதில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்தத் தாள் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அளந்தவர் தன் மூன்றடியை மட்டும் அளக்கவில்லை. அது பைப்பின் கண்ணுக்கே தெரியக் கூடாது என்பது போல, அந்த இடத்தைப் பென்சிலால் அடர்த்தியாகக் கறுப்படித்திருந்தார். அவளுக்கு அருவருப்பாக இருந்தது. லாரிக் குழாய் வீட்டுக்குள் வந்தபோதெல்லாம்கூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

அன்றைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை அவர் ஆபீஸுக்குள் போனதும் வாசற்கதவைச் சாத்திக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே இருந்த கிளார்க் பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே பேசினார். முகத்தை நிமிர்த்துவது தன் சம்பளத்தில் சேராது என்பது போல இருந்தது.

"வீட்டு உரிமையாளர் வரணும்மா. கையெழுத்து வேணும்."

"அவர் வரமாட்டார் சார். நான் அவர் மனைவி."

"கதவு எண்?"

சொன்னாள். அவர் கோப்பைப் புரட்டினார். காதிலிருந்து மூடி வெளியே வந்தது.

"உங்க பேர் என்ன?"

சொன்னாள்.

"பின்ன என்ன? உரிமையாளர் நீங்கதான். மூணு நோட்டீஸ் உங்க பேருக்கு அனுப்பியிருக்கோம். ஒண்ணுக்கும் பதிலில்ல."

அவளுக்கு மெதுவாக நினைவு வந்தது. மனை வாங்கும்போது அவர் அவள் பெயரில் பதிவு செய்தார். பாசத்தால் இல்லை. வீடு கட்டப் போன சிமெண்டில் பாதி, குடோன் நோட்டில் 'கிழிந்துபோனது' என்று எழுதி அவர் நகர்த்திய மூட்டைகள். முதலாளி என்றைக்காவது கேட்டால், மனை என் பெயரில் இல்லையே என்று கையை விரிக்கலாம் என்று போட்ட கணக்கு அது. அவள் அன்று காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதோடு இருவருமே மறந்துபோனார்கள். வந்த மூன்று நோட்டீஸையும் அவர் பிரித்துப் படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் போட்டிருக்க வேண்டும். மேல்விலாசத்தில் அவள் பெயர் இருந்ததை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கமாட்டார்.

செலவு எவ்வளவு என்று கேட்டாள். கிளார்க் சொல்லச் சொல்ல அவள் விரல் மடக்கி எண்ணினாள். டெபாசிட், ரோடு வெட்ட, தாமதத்துக்கு அபராதம், பழைய டேங்க்கை மூடியதற்குச் சான்று வாங்க. இதில் முக்கால்வாசிக்கு, முகாமில் ஒரு பாரம் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு காசுகூட ஆகியிருக்காது. அந்தப் பந்தலில் அவர் கேட்ட நாலு கேள்விக்கு விலை இது. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க என்று இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது அப்படியே போகும். அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா ஒரு தரம்கூடத் தயங்கவில்லை.

பள்ளி திறக்க ஆறு வாரம் இருந்தது. பத்தாம் நாள் நகராட்சியிலிருந்து ஒரு இளம் பெண் இன்ஜினியர் அளக்க வந்தாள். கூடவே பிளம்பர். விஷயம் என்னவென்றே தெரியாமல் ஆபீஸிலிருந்து எட்டிப்பார்த்த அவர், அளவு நாடாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடி வந்து, அந்தப் பெண்ணுக்கு வாட்டத்தைப் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அந்த இன்ஜினியர் பெண் ரோட்டு மட்டத்தையும் கக்கூஸ் தரையையும் பார்த்து எழுதிக்கொண்டாள். முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நகராட்சியில இருக்கற பிளான்படி இடது பக்கம் மூணடி காலி இடம் இருக்கணுமே. எங்க?"

தையல்கார அக்கா அடுப்படிக்குப் போய் அந்தக் கதவைத் திறந்து காட்டினாள்.

"இது என்ன ரூம் சார்?"

"ஆபீஸ்."

"என்ன ஆபீஸ்?"

பிளம்பர் சுழல் நாற்காலியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் இருமியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அக்கா, இந்தப் பக்கமாப் போனா அஞ்சு நாள் வேலை. முன்னறை வழியாப் போனா மூணு வாரம். துணியெல்லாம் புழுதியாயிடும். நீங்க சொல்லுங்க" என்றார் பிளம்பர்.

"இதை இடிங்க" என்றாள்.

இன்ஜினியர் சாரின் குரல் உச்சிக்கு ஏறியது. "யாரைக் கேட்டு? யாரைக் கேட்டு இடிக்கச் சொல்ற?" பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டு ஜன்னலும் திறந்தது. இருபத்தெட்டு வருஷமாக அவள் பயந்தது நடந்தேவிட்டது.

"வீடு யார் பேர்ல இருக்குன்னு நகராட்சியைக் கேட்டுட்டு வந்துதான் சொல்றேன்" என்றாள். அவளும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். ஜன்னலில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டுமே.

இன்ஜினியர் பெண் கோப்பில் உரிமையாளர் பெயருக்குக் கீழே கோடு போட்டுக் காட்டினாள். முப்பத்தொரு வருஷம் கோடு போட்டவருக்கு அந்த ஒரு கோடு போதுமானதாக இருந்தது.

வேலை ஐந்து நாள் நடந்தது. முதல் நாள் ஆபீஸ் விழுந்தது. அவர் சுழல் நாற்காலியைத் தெருவில் போட்டுக்கொண்டு உத்தரவு போட்டார். பிளம்பர் ஒவ்வொன்றுக்கும் 'சரி சார்' சொல்லிவிட்டு வேறு விதமாகச் செய்தார். பழைய டேங்க்கைக் கடைசியாக ஒருமுறை காலி செய்ய நகராட்சி வண்டியே வந்தது. அதன் குழாய் திறந்த சந்து வழியாகப் போனது. காலியான டேங்க்கை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். வெளியே மண் வாங்கத் தேவை வரவில்லை. ஆபீஸின் சுவர், கூரை, வழவழத் தரைக்கல் எல்லாம் அதற்குள்ளேயே சரியாகப் போயிற்று. அவள் பின்கட்டில் நின்று கடைசிக் கூடை விழும்வரை பார்த்தாள். அவளுக்கு ஒரு சொட்டு இரக்கம் வரவில்லை. வரவேண்டுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். வேண்டாம் என்று தோன்றியது.

ஆறாம் நாள் முன்னறையில் அவள் மறுபடி சீருடைக்கு உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முன்பே நூற்று நாற்பது சட்டை முடிந்திருந்தது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது, வெறும் காற்று. அவர் வந்து கதவருகே நின்றார்.

"நான் எங்க உக்கார்றது?"

"அந்தப் பெஞ்சுல உக்காருங்க. சும்மா இருக்க வேண்டாம். இந்தச் சட்டைங்கள்ல தொங்கற நூலை வெட்டுங்க."

அவர் கத்தரிக்கோலை வாங்கினார். ஒரு சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "காலர் வாட்டம் கொஞ்சம் இடிக்குதே" என்றார். பிறகு நூலை வெட்டினார். இரண்டாவது வெட்டில் சட்டைப் பையின் ஓரமும் சேர்ந்து வந்துவிட்டது.

அவள் எழுந்து வந்து சட்டையையும் கத்தரிக்கோலையும் அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"விடுங்க. இதுவும் உங்களால ஆகாது. சும்மாவே உக்காந்திருங்க. இத்தனை வருஷமும் அதைத்தானே செஞ்சீங்க."

சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். மெஷின் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இப்போது கத்துவார், இப்போது கத்துவார் என்று நின்றாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"சரி" என்றார் அவர். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ ஆத்திரம், அதுவும் தன் மேல். இவ்வளவுதானா? ஒரு 'இடிங்க', ஒரு 'விடுங்க', அதற்கு மேல் ஒன்றுமே தேவைப்படவில்லையா? ஆறு வருஷம் அடுப்புக்குப் பக்கத்தில் அந்தக் குழாயை விட்டாளே. முகாமுக்குத் தானே நடந்துபோயிருந்தால் பத்து நிமிஷ வேலை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை அவள் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கா இருபத்தெட்டு வருஷம் பயந்து கிடந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.